நெல்லையில் எந்தக் கரையில் தங்குவது?

கேள்வி இதுதான். சென்னையிலிருந்து ஐந்து பேர் வருகிறார்கள்: கணவன், மனைவி, 11 வயதுப் பெண், 6 வயதுப் பையன், மூட்டுவலி உள்ள 70 வயது அம்மா. காலாண்டு விடுமுறையில் நான்கு முழு நாள் திருநெல்வேலியில். வருவது வந்தே பாரத்தில், திரும்புவது நெல்லை எக்ஸ்பிரஸில். அம்மாவுக்குத் தினமும் காலையில் நெல்லையப்பரைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கு அருவியில் குளிக்க வேண்டும், நடுவில் ஒரு நாள் திருச்செந்தூர். அறையை டவுனில் எடுப்பதா, ஜங்ஷனிலா, பாளையங்கோட்டையிலா? புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாடகை குறைவு என்று ஒருவர் சொன்னாராம், அது சரிவருமா?

நான் பிறந்து வளர்ந்தது டவுனில், மேல ரத வீதியை ஒட்டிய ஒரு தெருவில். ஆற்றைத் தாண்டிப் பாளைக்குக் குடிவந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சென்னை, கோவை, மும்பை என்று சிதறிக் கிடக்கும் சொந்தக்காரர்கள் கல்யாணம், கோயில் கொடை என்று ஊருக்கு வரும்போதெல்லாம் "அண்ணாச்சி, ஒரு ரூம் பாத்து வைங்க" என்று முதல் போன் எனக்குத்தான் வரும். பார்த்துக் கொடுத்துப் பேரும் வாங்கியிருக்கிறேன், ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

உங்களுக்கு என் பதில்: வண்ணார்பேட்டையில், லிப்ட் உள்ள ஒரு ஹோட்டல். நான்கு நாளும் ஒரே இடம், நடுவில் மாற்ற வேண்டாம். ஏன் என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேப்பில் பார்த்தால் திருநெல்வேலி ஒரே ஊராகத் தெரியும். எங்களுக்கு அது இரண்டு ஊர், நடுவில் தாமிரபரணி. மேற்குக் கரையில் டவுனும் ஜங்ஷனும். கிழக்குக் கரையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, அப்புறம் பாளையங்கோட்டை. 1843-ல் பாலம் வரும் வரை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகில்தான் போக்குவரத்து. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியதால் பாலத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். பக்கத்திலேயே இன்னொரு பாலமும் வந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆற்றைக் கடப்பது எங்களுக்கே ஒரு வேலைதான். அதனால் உள்ளூர்க்காரன் அறை தேடினால், ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதற்கு முன்னால் எந்தக் கரை என்று பார்ப்பான்.

இன்னொன்று, இங்கே தூரம் மணிக்கு மணி மாறும். வண்ணார்பேட்டையிலிருந்து நெல்லையப்பர் கோயில் சுமார் 4 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு ஆட்டோவில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் சந்நிதி வாசலில் இறங்கிவிடலாம். அதே வழியைச் சாயங்காலம் ஏழு மணிக்குப் பிடித்தால் அரை மணி நேரம் ஆகும், தீபாவளி நெருங்கினால் இன்னும் கூட. உங்கள் அம்மா கேட்பது காலை தரிசனம். அந்த நேரத்துக்கு ஆறு ஒரு தடையே இல்லை. இந்த ஒரு காரணத்தால்தான் டவுனில் தங்கியே ஆக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்கிறேன்.

டவுனைப் பற்றி நான் குறை சொன்னால் என் ஆச்சி ஆவி மன்னிக்காது. நான்கு ரத வீதிகள், நடுவில் கோயில், விடியற்காலை நாதசுரம், கீழ ரத வீதியில் இருட்டுக்கடை அல்வா, தெருவுக்குத் தெரு லாலா கடை என்னும் மிட்டாய்க் கடை. ஊரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தெருமுனைக்கு எங்கள் ஊரில் 'முக்கு' என்று பெயர். வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு என்று டவுன் முழுக்க முக்குகள்தான். ஆட்டோக்காரர் "எந்த முக்கு?" என்று கேட்டால் குழம்ப வேண்டாம். தனி ஆளாகவோ, தம்பதியாகவோ, நடக்கத் தெம்புள்ளவராகவோ வந்தால் டவுனில் தங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அங்கே தங்கும் விடுதிகள் குறைவு, பெரும்பாலும் பழைய கட்டடங்கள். செங்குத்தான படி, குறுகிய தெரு, வண்டி நிறுத்த இடமில்லை.

நான் ஏச்சு வாங்கிய கதை இதில்தான். ஒரு வருஷம் ஆனித் தேருக்கு என் அத்தான் குடும்பம் வந்தது. தேர் பார்க்க வருகிறார்கள், தேரடியிலேயே அறை இருந்தால் நல்லதுதானே என்று ரத வீதியை ஒட்டி ஒரு லாட்ஜில் போட்டு வைத்தேன். ஆனித் திருவிழா சமயத்தில் ரத வீதிகளுக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பது டவுனில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். மறந்துவிட்டேன். டவுனுக்குள் நுழையும் ஆர்ச்சிலேயே காரை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து பெட்டியும் பையுமாகக் கூட்டத்துக்குள் நடந்து, மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. அத்தானின் அம்மா ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மேலே வந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஒலிபெருக்கி வேறு.

உங்கள் அம்மாவுக்கு இதில் இன்னொரு சங்கதி உண்டு. நெல்லையப்பர் கோயில் சின்னக் கோயில் இல்லை. சுவாமிக்கும் காந்திமதி அம்மனுக்கும் தனித்தனிக் கோயில், இரண்டையும் இணைப்பது 1647-ல் வடமலையப்ப பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம். இரண்டு சந்நிதியும் பார்த்து, இசைத்தூண்களையும் தாமிர சபையையும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டி முடிப்பதற்குள் அவர் ஒரு நாளைக்கு நடக்கக்கூடிய நடையை நடந்து முடித்திருப்பார். மூட்டில் இருக்கும் தெம்பைக் கோயிலுக்குள் செலவழிக்கட்டும். லாட்ஜ் மாடிப்படியில் வேண்டாம். நடை மதியம் சாத்திவிட்டு மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். காலை ஒன்பதுக்கு முன்னால் போய்வந்துவிட்டால் வெயிலும் தெரியாது, கல்தரையும் சுடாது. புரட்டாசி வெயிலை லேசாக நினைக்காதீர்கள், எங்கள் ஊரில் அது இரண்டாவது சித்திரை.

அடுத்து ஜங்ஷன். சந்திப்பு என்று போர்டில் இருக்கும், யாரும் அப்படிச் சொல்வதில்லை. ரயில் நிலையம், பழைய பஸ் ஸ்டாண்ட், ஈரடுக்கு மேம்பாலம், மதுரை ரோட்டில் வரிசையாக ஹோட்டல்கள், அல்வாக் கடைகள். வந்தே பாரத் இரவு பத்தரை மணிக்கு மேல்தான் நெல்லைக்கு வருகிறது. தூங்கி வழியும் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியதும், எதிரே தெரியும் ஹோட்டலுக்கு நடந்து போய்விடலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். திரும்பும்போதும் வந்தே பாரத் என்றால் அது காலை ஆறு மணி வாக்கில் கிளம்பிவிடும், அப்போது ஜங்ஷனில் தங்குவதைத்தான் நானே சொல்லியிருப்பேன். நீங்கள் திரும்புவது ராத்திரி ரயிலில். அதனால் ஒரு ராத்திரி இறங்கும் சௌகரியத்துக்காக நான்கு நாள் பஸ் ஹாரன் கேட்க வேண்டியதில்லை. ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டை ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்தான். அந்த நேரத்தில் பாலம் காலியாக இருக்கும், ஆட்டோ ஐந்து நிமிஷம். ஹோட்டலுக்கு மட்டும் முன்கூட்டியே போன் செய்து, பதினொரு மணிக்கு வருவோம் என்று சொல்லி வையுங்கள். சாப்பாட்டை ரயிலிலேயே முடித்துவிடுங்கள்.

ஜங்ஷனை நான் முழுக்கத் தள்ளவில்லை. ரயிலையும் பஸ்ஸையும் மட்டும் நம்பி வருகிறவர்களுக்கு அது நல்ல இடம். டவுனுக்கு நிமிஷத்துக்கொரு பஸ் என்று சொல்லுமளவுக்கு வண்டி ஓடும். சாலைக்குமரன் கோயில் நடந்து போகும் தூரம். அங்கே அறை எடுத்தால் ரோட்டைப் பார்த்த ஜன்னல் வேண்டாம், பின்பக்க அறை கேளுங்கள். அவ்வளவுதான்.

இப்போது வண்ணார்பேட்டை. இருபது வருஷத்துக்கு முன்பு இந்த இடத்தை யாருக்கும் தங்குவதற்குச் சொல்லியிருக்க மாட்டேன். பாலம் இறங்கினால் கடந்து போகும் இடம், அவ்வளவுதான். இன்று ஜவுளிக்கடை, நகைக்கடை, பெரிய ஆஸ்பத்திரிகள், நடுத்தர வாடகையிலிருந்து மேலே உள்ள ஹோட்டல்கள் எல்லாம் இங்கே வந்துவிட்டன. 1924-ல் நெல்லையில் தொடங்கிய ஆர்.எம்.கே.வி.யின் ஜவுளி மாளிகையும் இங்கேதான். உங்கள் மனைவி பட்டு பார்க்க வேண்டும் என்றால் தனியாக ஒரு பயணம் வேண்டாம். ஆற்றைக் கடந்தவுடன் இருப்பதால் டவுனும் ஜங்ஷனும் ஒரு கை தூரம், பாளை மறு கை தூரம். புதுக் கட்டடங்கள் என்பதால் லிப்ட், ஜெனரேட்டர், வெஸ்டர்ன் டாய்லெட், கார் நிறுத்த இடம் எல்லாம் பெரும்பாலும் இருக்கும். எழுபது வயதில் அம்மாவுக்கு ராத்திரி திடீரென்று ஏதாவது என்றால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்பதும் மனசுக்கு ஒரு தைரியம். பயணம் கிளம்பும்போது இதைச் சொல்லக்கூடாது, ஆனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிள்ளைகளுக்குக் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. வண்ணார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் இறங்கிவிடலாம். 1987-ல் திறந்தது. தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, தட்டிப் பார்க்கிற இடம், மரநிழலும் உண்டு. வெயில் ஏறிய ஒரு பகலை அங்கே தள்ளிவிடலாம். அம்மா அறையில் படுத்து எழுந்திருக்கட்டும். மத்தியானம் அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் கண்ணயர முடிகிற தூரத்தில் தங்குவதுதான் குடும்பப் பயணத்தில் பாதி நிம்மதி. ஊருக்கு வெளியே மலிவாக அறை எடுத்தவர்கள் இழப்பது அந்தத் தூக்கத்தைத்தான்.

குறை இல்லாமல் இல்லை. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை வண்ணார்பேட்டை நெரிசல் நெரிசல்தான். அந்த நேரத்தில் வெளியே போகாமல், நடந்து போகிற தூரத்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். பைபாஸ் ரோட்டின் மேலேயே நிற்கும் ஹோட்டல் என்றால் லாரி சத்தம் கேட்கும், உள்ளே தள்ளிய அறை கேளுங்கள். இரண்டு ஹோட்டல் ஒரே வாடகையில் இருந்தால் உள்தெருவில் இருப்பதை எடுங்கள்.

பாளையங்கோட்டையை ஏன் சொல்லவில்லை, நீ இருப்பதே அங்கேதானே என்று கேட்பீர்கள். பாளை குடியிருக்கிற ஊர். பள்ளிக்கூடமும் கல்லூரியுமாக இருப்பதால் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். காலையில் பிள்ளைகள் சீருடையில் சைக்கிளில் போவதும், ஊசிக்கோபுரத் தேவாலயத்து மணியும், மகாராஜ நகர் உழவர் சந்தையில் விடிந்தும் விடியாமலும் காய் வாங்குவதும், ஒன்பது மணிக்கெல்லாம் தெரு அடங்குவதும் இங்கே வாழ்கிறவர்களுக்குச் சுகம். நான்கு நாள் வருகிறவர்களுக்கு அது பெரிதாக ஒன்றும் தராது. பத்து நாள் தங்குகிறீர்கள், சமைத்துச் சாப்பிட வேண்டும், வீடு மாதிரி இருக்க வேண்டும் என்றால் மகாராஜ நகர், தியாகராஜ நகர், பெருமாள்புரம் பக்கம் வாடகை வீடோ, சமையலறையோடு கூடிய அறையோ பாருங்கள். பெருமாள்புரம் பக்கம் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குலவணிகர்புரம் ரயில்வே கேட். அது மூடியிருக்கும்போது மாட்டினால் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிடலாம்.

பாளையைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் உங்களுக்கு உபயோகப்படும். காலாண்டு விடுமுறை பெரும்பாலும் நவராத்திரியை ஒட்டித்தான் வரும். பாளையில் தசரா பெரிய விழா. விஜயதசமியை ஒட்டி ஆயிரத்தம்மன் உட்படப் பன்னிரண்டு அம்மன் சப்பரங்கள் ஒன்றுகூடும், எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்ஹாரம் நடக்கும். மேளமும் விளக்கும் விடிய விடிய. உங்கள் மகளுக்கு அது வாழ்நாள் முழுக்க ஞாபகம் இருக்கும். வண்ணார்பேட்டையிலிருந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தூங்கலாம். பாளை மார்க்கெட் பக்கம் அறை எடுத்திருந்தால் தூக்கம் கிடையாது.

புது பஸ் ஸ்டாண்ட் பற்றிக் கேட்டீர்கள். வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது, ஜங்ஷனிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான். விடியற்காலை பஸ் பிடித்து நாகர்கோவில், கன்னியாகுமரி என்று போகிறவர்களுக்கு, ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க, சரி. வாடகை குறைவாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தினமும் காலையில் டவுனுக்குப் போய்வர ஆட்டோவுக்குக் கொடுப்பதைக் கூட்டிப் பாருங்கள், மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். வெளியே இறங்கிப் பிள்ளைகளோடு காலாற நடக்கவும் அங்கே ஒன்றும் இல்லை. கே.டி.சி. நகர், நான்குவழிச் சாலை ஓரம் இருக்கும் ஹோட்டல்களும் இதே வகைதான். சொந்தக் காரில் வந்து, தூத்துக்குடி விமான நிலையம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று கிழக்கும் தெற்குமாகவே சுற்றுகிறவர்களுக்கு அது பொருந்தும். அறை விசாலமாக இருக்கும், கார் நிறுத்த இடம் தாராளம். கோயில்தான் தூரம்.

இனி வெளியூர்ப் பயணங்கள். இதுவும் தங்கும் இடத்தோடு சேர்ந்த கணக்குதான். குற்றாலமும் பாபநாசமும் மேற்கே, திருச்செந்தூர் கிழக்கே, கன்னியாகுமரி தெற்கே. ஒரே பக்கமாகச் சுற்றுகிறவர் அந்தப் பக்கக் கரையில் தங்கலாம். நீங்கள் மேற்கும் போகிறீர்கள், கிழக்கும் போகிறீர்கள், அதனால்தான் நடுவில் தங்கச் சொல்கிறேன்.

அருவிக்குப் பாபநாசத்தை வைத்துக்கொள்ளுங்கள், குற்றாலத்தை நம்பாதீர்கள். குற்றாலத்துச் சீசன் ஆனி, ஆடியில் களைகட்டும், ஆவணியில் தணியும். புரட்டாசியில் தண்ணீர் விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வரவேண்டும். மேலே மழை கொட்டினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், அது பிள்ளைகள் பாதுகாப்புக்குத்தான், போலீஸோடு வாதாட வேண்டாம். பாபநாசத்துக்கு மேலே இருக்கும் அகஸ்தியர் அருவியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் உண்டு. நெல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், காரில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையை வாங்கி வைத்துவிடுவார்கள், துணிப்பை கொண்டு போங்கள். அம்மா அருவி வரை வர வேண்டியதில்லை. கீழே பாபநாசநாதர் கோயில் வாசலில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம், கூட ஒருவர் இருந்தால் போதும். ஆற்றில் குளிக்கும் ஆசை இருந்தாலும் அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் வந்த பிறகு தாமிரபரணியில் கழிவு கலக்கிறது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயிலைப் பார்க்கப் போங்கள், கும்பிடுங்கள், கால் நனையுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திருச்செந்தூருக்குக் காலையில் ஜங்ஷனிலிருந்து பாசஞ்சர் ரயில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று வாழைத்தோட்டமும் குளமுமாகப் போகும். பையன் ஜன்னலை விட்டு நகரமாட்டான். காரில் போனால் வழியில், ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலில் இறங்குங்கள். அந்த ஒற்றைக்கல் சிற்பங்களை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். கிழமையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாள் கோயில்களில் நிற்க இடம் இருக்காது, நவதிருப்பதிக்குக் கிளம்பும் கூட்டமும் இதே ரோட்டில்தான் போகும். குலசேகரன்பட்டினம் தசராவின் கடைசி நாட்களில் திருச்செந்தூர் ரோட்டுப் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம், வேடம் கட்டிய பக்தர்கள் லட்சக்கணக்கில் வருவார்கள். பாபநாசத்தையும் திருச்செந்தூரையும் அடுத்தடுத்த நாளில் வைக்காதீர்கள். நடுவில் ஒரு நாள் ஊருக்குள்ளேயே இருங்கள்.

புரட்டாசியில் ஒரு லாபம், கல்யாண முகூர்த்தம் குறைவு. மற்ற மாதங்களில் பெரிய முகூர்த்த நாள் என்றால் ஊரில் நல்ல அறை ஒன்றுகூட மிஞ்சாது, மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். ஐப்பசிக்கோ கார்த்திகைக்கோ பயணத்தைத் தள்ளிப்போட்டால் என் பதிலும் மாறும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாங்கள் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என்று ஆற்றோரம் முழுக்கத் தண்ணீர். அப்படி எல்லா வருஷமும் வராது. ஆனாலும் வடகிழக்குப் பருவமழையில் குடும்பத்தோடு வருகிறவர்களை நான் பாளையில் மேட்டுப் பக்கமாக, ஐகிரவுண்ட் (ஹை கிரவுண்ட்) பக்கமாகத்தான் தங்கச் சொல்வேன். இடத்தின் பெயரே சொல்கிறதே.

அறை போடும்போது போனில் நான் கேட்பவற்றைச் சொல்கிறேன். லிப்ட் இருக்கிறதா, ரிசப்ஷனிலிருந்து லிப்டுக்குப் போகப் படி ஏறணுமா? இதைத் தனியாகக் கேட்க வேண்டும், லிப்ட் இருக்கும், அதற்குப் போக எட்டுப் படி இருக்கும். ஐந்து பேருக்கு ஒரே பெரிய அறையா, உள்ளுக்குள் கதவு வைத்த இரண்டு அறையா? அம்மா சீக்கிரம் தூங்கி நாலரைக்கு எழுந்திருப்பார், பிள்ளைகள் அப்படியில்லை, அதனால் இரண்டு அறை நல்லது. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? கோயிலுக்குப் போகிறவருக்கு ஏழு மணி வெந்நீர் உபயோகமில்லை. ஹோட்டலில் பார் உண்டா? உண்டு என்றால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பார் இருக்கிற தளத்தில் அறை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். மண்டபம் சேர்ந்த ஹோட்டலா, அந்த நாளில் விசேஷம் ஏதும் இருக்கிறதா?

கடைசியாக, செக்-அவுட் மதியம் பன்னிரண்டுக்கா, 24 மணி நேரக் கணக்கா? உங்களுக்கு இது முக்கியம். நம் பக்கத்து ஹோட்டல்கள் பலவற்றில் இன்னும் 24 மணி நேரக் கணக்குதான். இரவு பதினொரு மணிக்கு அறைக்குள் போகிறீர்கள் என்றால், நான்கு ராத்திரி வாடகையிலேயே கடைசி நாள் ரயிலுக்குக் கிளம்பும் வரை அறை உங்கள் கையில் இருக்கும். பன்னிரண்டு மணிக் கணக்கு ஹோட்டல் என்றால், பதினொரு மணிக்கு வந்து மறுநாள் நண்பகலுக்கே ஒரு நாள் கணக்கு முடியும். கடைசி நாள் மத்தியானம் அம்மாவோடும் பெட்டிகளோடும் ரோட்டில் நிற்பீர்கள். இரண்டு ஹோட்டலுக்கு நடுவே ஊசலாடினால் 24 மணி நேரம் தருகிறவரைப் பிடியுங்கள், ஐநூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

ஊருக்குள் சுற்ற ஆட்டோவையே நம்ப வேண்டும் என்பதில்லை. அம்மாவும் உங்கள் மனைவியும் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லாமல் போகலாம். பகல் பதினொரு மணிக்கு மேல் பஸ்ஸில் உட்கார இடமும் கிடைக்கும். நெல்லைக்காரரிடம் வழி கேட்டால் "இந்தா பக்கத்துலதான்" என்பார். அது அரை கிலோமீட்டராகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். அம்மா கூட இருந்தால் ஆட்டோவில் ஏறிவிடுங்கள்.

அல்வாவை ஊருக்குக் கிளம்புகிற நாளில் வாங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இருட்டுக்கடை திறப்பதே சாயங்காலம்தான், வரிசை அதற்கு முன்பே நிற்கும். ரயிலையும் வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெட்டியையும் வைத்துக்கொண்டு, ஏழு மணி நெரிசலில் டவுனில் மாட்டினால் பரிதாபம். முந்தின நாள் மாலை நான்கரைக்கெல்லாம் டவுனுக்குப் போங்கள். மற்றவர்கள் கோயிலுக்குள் போகட்டும், நீங்கள் மட்டும் வரிசையில் நின்று, இலையில் வைத்துத் தருகிற சூட்டில் ஐம்பது கிராம் முதலில் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குக் கட்டச் சொல்லுங்கள். அல்வா அதற்குள் கெட்டுப்போகாது. நான்கு நாளும் மறந்தே போய்விட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, ஜங்ஷனில் ரயில் ஏறுவதற்கு முன்னால் வாங்கிக்கொள்ள அங்கேயே அல்வாக் கடைகள் இருக்கின்றன.